கோட்டுக்காரன் ஆட்டம்

"அந்த ஆட்டத்த இப்பவே அழிக்கப் போறியா, இல்லியா?"

ராயப்பன் போட்ட சத்தத்தில் செலின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக முறிந்தது. கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு கேம் கடை நடத்துகிறவள் அவள். தொண்ணூற்றெட்டில் அந்த வட்டாரத்துக்கே அது ஒரு கடைதான். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்காக, இதுவரை அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தாள். வாசலில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"இன்னாத்துக்கு அழிக்கணும்? ஊரே அதத்தான் ஆடினுகீது. ஒரு மாசமா நீயும் உக்காந்து ஆடினவன்தானே?"

"அதெல்லாம் கேக்காத. அழின்னா அழி."

போட்டியே அந்த ஆட்டத்தில்தான். பெரிய ரவுடியாக இருந்தவன் திருந்தி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, அரசாங்கத்துக்கு ரகசிய ஒற்றனாகி, பழைய கூட்டாளிகளையே ஒவ்வொருத்தனாகப் பிடித்துக் கொடுக்கிற கதை. அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லாருக்கும் அது கோட்டுக்காரன் ஆட்டம். ஆரம்பிக்கும்போதே உன் ரகசியப் பெயர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஆளாளுக்குப் புலி, மின்னல், டைனமைட் என்று தட்டுவார்கள். தட்டின பெயர் எடுத்த புள்ளியோடு அதிலேயே தங்கிவிடும்.

"ரவுடி திருந்தற கதைன்னா உனுக்கு உறுத்துதோ?" என்றாள் செலின்.

ராயப்பன் ஒரே எட்டில் பலகைக்குப் போய், அத்தனை பெயர்களையும் உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்து அழித்தான்.

"யோவ்! ரெண்டு மணி நேரமா எழுதினதுய்யா!"

"நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். மூணாம் நம்பர் மிசின்ல கீறதையும் அழிச்சுடு. எனுக்கு அழிக்கத் தெரியல."

செலினுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? மூன்று வருஷத்துக்கு முன் ஏரிக்கரை கும்பல் மாமூல் கேட்டு வந்தபோது, கொடுக்க முடியாது என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக அவள் புருஷன் செபாஸ்டியனின் வலது காலை வெட்டிப் போட்டார்கள். இன்றைக்கும் கட்டையை ஊன்றித்தான் நடக்கிறான். இந்த ராயப்பன் அந்தக் கும்பலில் பத்து வருஷம் கொட்டை போட்டவன். இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறானாம், திருந்திவிட்டானாம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

வெட்டின நாலு பேரும் போன வருஷம் முத்தாபுதுப்பேட்டையில் ஒளிந்திருந்த இடத்தில் மாட்டினார்கள். அதுகூட யாரோ ஒரு புண்ணியவான் போலீசுக்கு ரகசியமாகத் துப்பு கொடுத்ததால்தான். அவர் யார் என்று போலீசார் கடைசிவரை சொல்லவே மாட்டோம் என்றுவிட்டார்கள். முகம் தெரியாத அந்த மனுஷனுக்காக ஞாயிறுதோறும் மாதா கோயிலில் செலின் மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

"என் ஊட்டுக்காரர் கால வெட்னவனுங்களோட ஒண்ணா குந்தி சோறு துன்னவன்தானே நீ!" என்று கத்தினாள். "கால எடுத்தது பத்தாதுன்னு இப்ப என் பொயப்புலயும் மண்ணப் போட வன்ட்டியா?"

அடுத்த நிமிஷம் ராயப்பன், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் பெட்டியை வயரோடு பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டான். போதாதென்று காலாலும் மிதித்தான்.

"புச்சா ஒண்ணு வாங்கித் தரேன். ஆட்டத்துல நா வெச்ச பேர மட்டும் எவன்கிட்டயும் பேசாத," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று லாரியில் ஏறிப் போய்விட்டான்.

சத்தம் கேட்டு எதிர் ஹார்டுவேர் கடையிலிருந்து உலகநாதன் ஓடி வந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர். செபாஸ்டியன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு முதல் ஆளாக வந்து நின்றவர்.

"இன்னா தங்கச்சி இது, கடையே ரெண்டாகி கீது?"

"ராயப்பன்ணே! பாடையில போறவன்! நேரா டேஷனுக்குப் போறேன், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம உட மாட்டேன்!"

"டேஷன் எதுக்கு? நா கீறேன்ல. இன்னாத்துக்கு இந்தக் குதி குதிச்சானாம்?"

"யாரு கண்டா? பலகையில மொத பேரே அவனுதுதான். அதப் பாத்துட்டுத்தான் வெறி புட்ச்சவனாட்டம் அழிக்கிறான்."

"ராயப்பன்னு எழுதினியா?"

"இல்லண்ணே, ஆட்டத்துல அவனே வெச்சிக்கினது." எவனிடமும் பேசாதே என்று அவன் சொன்னதற்காகவே ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "அவனவன் புலி, சிங்கம்னு வெச்சிக்கினா, இந்த மூஞ்சி 'தயிர்சாதம்'னு வெச்சிக்கினு கீது!"

அத்தனை ஆத்திரத்திலும் செலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகநாதன் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கடை வாசலில் நின்ற ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ராயப்பன் லாரி குத்தம்பாக்கம் ரோட்லதான் போவும். மடக்குங்கடா."

பிறகு செலின் பக்கம் திரும்பி, பாசமாக அவள் தலையைத் தொட்டார்.

"ரொம்ப உபகாரம் தங்கச்சி. டேஷன்ல காசு குட்த்துக் கேட்டதுல பேரு மட்டுந்தான் தெரிஞ்சிது, ஆளு யாருன்னு ஒரு வருசமா தேடினு இருந்தேன். உன் புருசன் கால வெட்ன என் பசங்க நாலு பேரையும் போலீசுக்குக் காட்டிக் குட்த்தவனோட ரகசியப் பேருதான் 'தயிர்சாதம்'."