தப்புத் தையல்

‘உன்னை நான் முதன்முதலில் பார்த்தது பேக்கிங் செக்‌ஷனில்’ என்று அப்பா நோட்டில் எழுதியிருந்தார். எதிரே உட்கார்ந்து அதைத் தலைகீழாகப் படித்த மகள் மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

பேக்கிங் இல்லை, செக்கிங். ஒரே சட்டைக் கம்பெனியில் அப்பா தையல்காரர், அம்மா தையலில் பிழை பிடிக்கும் செக்கர். அவர் தைத்த சட்டையை அம்மா திருப்பி அனுப்ப, சண்டை போடப் போன மனிதர் கல்யாணம் பேசிவிட்டுத் திரும்பினார். அப்பா சொல்லிச் சொல்லி மகளுக்கே மனப்பாடமாகிவிட்ட கதை அது.

இப்போது அம்மாவுக்கு மறதி நோய். ‘தினமும் ஒரு பழைய ஞாபகத்தைச் சேர்ந்து எழுதுங்க, கைக்குப் பழகின வேலையைச் சேர்ந்து செய்யுங்க’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மத்தியானமானால் சாப்பாட்டு மேஜைக்கு நோட்டும் ஊசி நூலும் பழைய சட்டைகளும் வந்துவிடும். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்ததால் மகள் இன்றைக்குத்தான் அதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள்.

காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்த அம்மா, நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

“பேக்கிங்கா? யோவ், நான் எந்தக் காலத்துலய்யா அட்டைப் பெட்டி ஒட்டினேன்? செக்கிங்! உன் சட்டையைத் தூக்கிக் கடாசினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?”

“ஆமால்ல” என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

நோய் வந்தவள் திருத்துகிறாள், நோய் இல்லாதவர் முழிக்கிறார்.

அப்பா ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் வைத்தார். பட்டன் நுழைய வேண்டிய காஜா ஓட்டை இருக்கிறதே, அதன் மேலேயே பட்டனை வைத்துத் தைத்தார். ஆயிரக்கணக்கான சட்டைகளைப் பார்த்த கை அது.

“என்னய்யா இது, சட்டையைப் போட்டுக்கப் போறியா, பூட்டு போடப் போறியா?” அம்மா சட்டையைப் பிடுங்கினாள். “பிரிச்சுட்டு ஒழுங்கா வை. தையல் லைன்ல உக்காந்துட்டு எவளைப் பார்த்துட்டுத் தைச்ச?”

“உன்னைத்தான்.”

“வழியாத. கொடு அந்தக் கத்தரியை.”

இருவரும் சிரித்தார்கள். மகளால் சிரிக்க முடியவில்லை. கேஸ் அடுப்பு, வாசல் சாவி, அம்மாவின் மாத்திரைகள், எல்லாம் நாள் முழுக்க இந்த மனிதரின் பொறுப்பில் இருக்கின்றன. காஜாவுக்கும் பட்டனுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று மட்டும் தெரியுமா?

அவள் சமையலறைக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். அம்மாவைப் பார்க்க வராதவன், யோசனை சொல்ல மட்டும் எப்போதும் தயாராக இருப்பவன்.

“அப்பாவுக்குமா? அப்ப முடிஞ்சுது கதை. ரெண்டு பேரையும் ஹோம்ல விட்டுடலாம்.”

“ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப்பாங்களா?”

“ஆம்பளைங்களுக்குத் தனிக் கட்டடம், பொம்பளைங்களுக்குத் தனிக் கட்டடம். அதனால என்ன, இனிமேதான் குடும்பம் நடத்தப் போறாங்களா?”

“உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு” என்று போனை வைத்தாள். அவன் சொன்ன விதம்தான் கேவலம். சொன்னது நடந்துவிடும் போலிருந்தது. இவள் வேலையை விட்டால் வாடகை கொடுக்க ஆளில்லை. விடாவிட்டால், பகலெல்லாம் ஒரு மறதியை இன்னொரு மறதி பார்த்துக்கொள்ளும்.

அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க அப்பா உள்ளே வந்தார்.

“நாளைக்கும் லீவு சொல்லிடறேன். டாக்டர்கிட்ட போறோம்.”

“உங்கம்மாவுக்கு அடுத்த மாசம்தானே வரச் சொன்னாங்க?”

“அம்மாவுக்கு இல்லப்பா. உனக்கு.”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

“பட்டனை எங்க வைக்கிறதுன்னு தெரியல. அம்மாவை எங்க பார்த்தேன்னு தெரியல. எத்தனை நாளா இப்படி இருக்க? என்கிட்ட ஏன் மறைச்ச?” குரல் உடைந்து, கோபமாக வெளியே வந்தது. “உன்னையும் அம்மாவையும் பிரிச்சுடுவாங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு.”

அப்பா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

அம்மா அடுத்த சட்டையை எடுத்துக் காலர், கை, பட்டன் என்று வரிசையாகத் தடவிப் பார்த்தாள். அதில் குறை ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அசையாமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். சற்று முன் சிரித்த முகம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“சரியா தைச்சா உங்கம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேங்குறாம்மா.”