பின்னால் வருகிறவரின் பேர்

வடக்கே, மலைகளுக்கு நடுவில் உறைந்து கிடந்த ஏரியின் மேல் மூன்று தம்பதிகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தபோது பனிப்புயல் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை.

"பின்னால வர்றவங்களைக் கூப்பிட்டுக்கிட்டே வாங்க. பதில் இல்லன்னா எல்லாரும் நின்னுருவோம்" என்று முன்னாலிருந்து கத்தினார் வழிகாட்டி ராயப்பன்.

பிரமநாயகிக்குப் பின்னால், கடைசி ஆளாக, அவள் வீட்டுக்காரர்.

"ஏங்க" என்றாள்.

"வாரேன்", "சொல்லு" என்று இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் முன்னால் போகிற பெண்களின் புருஷன்மார். பின்னாலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார் ராயப்பன்.

"அப்படிப் பழக்கமில்லயே தம்பி."

"வேணும்னா நாங்க காதைப் பொத்திக்கிடுதோம்."

கல்யாணமான நாள் முதல், ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்ல வைத்த பேர், பாருங்கள். மப்ளரை இறக்கினாள். வந்த பக்கமே திரும்பி நின்றாள்.

"கோமதிநாயகம்!"

பதில் இல்லை. அவள் வாயால் ஒரு நாளும் கேட்டிராத பேருக்கு, மனுஷர் எப்படித் திரும்புவார்?

"அவுக வராம நான் நகர மாட்டேன்" என்று ராயப்பனிடம் சொல்லிவிட்டு, காலை அகட்டி ஊன்றி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஏங்க, கோமதிநாயகம்!"