காதோரப் பஞ்சு

"மூச்ச இழுத்துப் பிடி தாயி, மருந்து உள்ள போகட்டும்" என்கிறாள் நர்ஸ் ஜெயபாய். ராஜபாளையத்து எக்ஸ்ரே மேசையில், கருக்குழாய் அடைப்பு பார்க்கப் படுத்திருக்கும் அழகுத்தாய்க்கு அடிவயிறு முறுக்கிப் பிழிகிறது. பிள்ளைக்காக இத்தனை வருசமாகப் பார்த்த டெஸ்டுகளிலேயே இதுதான் பொல்லாதது. கடித்துக்கொள்ளக் கொடுத்த பேண்டேஜ் துணியில் பஞ்சு வாடை. கல்யாணத்துக்கு முன் அவள் தறியில் ஓட்டிய அதே துணி. வலிக்குள்ளே அந்தத் தறிக்கூடம் தடதடக்கிறது. அன்று தறி நின்றதும், உடன் வேலை பார்த்த பரமேசு அவள் தலையில் படிந்த பஞ்சைப் பார்த்துச் சிரிக்கிறாள்: "ஏட்டி, பேரன் பேத்தி எடுத்த கெழவி மாதிரில்லா இருக்க!" இருவரும் மாறி மாறித் தலையைத் தட்டிவிடுகிறார்கள்.

"முடிஞ்சிருச்சு, எந்திரி தாயி."

சேலையைச் சரிசெய்தபடி சுவர்க் கண்ணாடியைப் பார்க்கிறாள். காதோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பழக்கத்தில் கை போய்த் தட்டுகிறது. தட்டத் தட்ட அது அங்கேயே இருக்கிறது.