பாஸ்போர்ட் சைஸ் போதும்

“சிரிக்காதீங்கக்கா. கேமரான்னு ஒன்னு இருக்கறதையே மறந்துடுங்க.”

“எப்புடி தம்பி மறக்கறது? மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினு நிக்கறியே!” என்றாள் ஜெயம். கை மட்டும் நிற்காமல் சாமந்தியைத் தொடுத்துக்கொண்டிருந்தது.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு குடைக்கு அடியில் இருபத்திரண்டு வருடமாக அவள் பூ விற்கிறாள். மழை வந்தால் பூ நனையும். போலீஸ் வந்தால் கூடையோடு ஓட வேண்டும். இப்போது பூ வியாபாரிகள் சங்கம் மூலமாகப் புது மார்க்கெட்டில் கூரையும் ஷட்டரும் உள்ள கடை கிடைக்கப்போகிறது. பதினாலாம் நம்பர்.

விண்ணப்பம் எப்போதோ கொடுத்தாயிற்று. அதில் ஒட்ட வேண்டிய போட்டோ ஒன்றுதான் பாக்கி.

“பாஸ்போர்ட் சைஸ் போதும் தம்பி. இன்னிக்கு மூணு மணிக்குள்ள விழுப்புரத்துல செக்ரட்டரி கையில சேரணும். லேட்டானா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். முகூர்த்த நாளா இருக்கு, என்னால நகர முடியாது. பேஜாரு பண்ணாம ஜல்தியா எடு.”

“நீங்க பூவைக் கட்டுங்கக்கா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அறிவுச்செல்வன் விழுப்புரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேமரா கைக்கு வந்த நாள் முதல் பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தான். டீக்கடை ஆவி, பஸ் படிக்கட்டில் தொங்கும் கால்கள், மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும் அம்மாவின் விரல்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தட்டில் வெளிச்சம் சரியாக விழும்வரை அவன் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க முடியாது.

அன்றாடம் நடப்பதில்தான் அழகு இருக்கிறது என்பது அவன் கட்சி. பாஸ்போர்ட் போட்டோ என்றாலே ஆகாது. நீலத் திரைக்கு முன்னால் ஓர் ஆளை விறைப்பாக உட்காரவைத்து எடுப்பதில் உயிர் எங்கே இருக்கிறது என்று நண்பர்களிடம் சண்டை போடுவான்.

அன்று காலை அவனுக்கு யோகம் அடித்தது. கல்யாண வீட்டுக்காகக் கட்டிய மாலைகள் ஜெயத்தின் முகத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கின. அவள் ஒரு நொடி தலை நிமிர்ந்து எங்கோ தூரத்தில் பார்த்தாள். அவன் க்ளிக் செய்துவிட்டான்.

சாமந்தியின் மஞ்சள் கண்ணை உறுத்தியதால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினான். சின்ன அளவில் அந்தப் பார்வை எடுபடாது என்று பெரிதாகப் பிரிண்ட் போட்டான். பஸ் நெரிசலில் மடங்கிவிடுமே என்று கண்ணாடி பிரேமும் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறியவனைப் பார்த்ததும் ஒருவர் சட்டென்று எழுந்துகொண்டார். “உக்காருப்பா. மடியில பத்திரமா வெச்சிக்கோ,” என்றார். எல்லோரிடமும் சில்லறைக்குக் கத்திய கண்டக்டர் அவனிடம் மட்டும் பேசாமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

விக்கிரவாண்டி தாண்டும்போது அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. மக்களுக்குக் கலை புரியாது என்று சொல்கிறவர்கள் திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதே இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டே முக்காலுக்குச் சங்க அலுவலகத்தில் நுழைந்தான். நல்ல படத்துக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பது அவன் கொள்கை. அதனால் வாயைத் திறக்காமல், செயலாளர் விருத்தாசலத்தின் மேஜைமேல் பிரேமை நிமிர்த்தி வைத்தான்.

விருத்தாசலம் படத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

“நம்ம ஜெயம்…” என்றார் விருத்தாசலம். “எப்போ தம்பி?”

“காலையில ஏழு மணிக்கு சார்.”

“கூட யாரு இருந்தா?”

“நான் மட்டுந்தான் சார்.”

“கஷ்டப்பட்டுச்சா?”

“அதெல்லாம் இல்ல சார். மொதல்ல கொஞ்சம் பேசிக்கினு இருந்தாங்க. அப்புறம் அப்புடியே அமைதியாயிட்டாங்க. ரெண்டே நிமிஷந்தான்.”

ஒரு படம் எடுத்த விதத்தைப் பற்றி இத்தனை அக்கறையாக அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கல்லூரியில் போட்டோவுக்குப் பரிசு கொடுத்தவர்கள்கூட ஏதோ கைகுலுக்கி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

விருத்தாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடைப் பட்டியலை இழுத்து, பதினாலாம் நம்பருக்கு நேராக என்னவோ எழுதிக் கையெழுத்தும் போட்டார். அறிவுச்செல்வனுக்குப் போன உயிர் வந்தது. மணி மூன்று அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“அப்போ கடை உறுதிதானே சார்?”

“அது அடுத்து இருக்கற ராஜாமணிக்குப் போயிடுச்சு தம்பி. நீ எதுக்கும் அலையாத, சங்கத்து மாலை வீட்டுக்கே வந்துடும்.”

விருத்தாசலம் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

“அடக்கம் எத்தனை மணிக்கு?”