முதலிடத்தில் மலைராணி

கோத்தகிரி பஸ் மலையடிவாரச் சோதனைச்சாவடியில் நின்றதும் சசிரேகாவுக்குத் தூக்கம் கலைந்தது. காலையிலிருந்து மேட்டுப்பாளையம் வெயிலில் அலைந்த அலுப்பு. மஞ்சள் போர்வையில் கட்டிய மூட்டையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

பஸ்ஸில் ஏறிய சோதனைக்காரப் பெண் நேராக அவளிடம்தான் வந்தாள். "மூட்டையில என்னங்க?"

"பழைய துணிங்க."

பிரித்தால், அத்தனையும் காலித் தண்ணீர் பாட்டில்.

"மலைக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகக்கூடாதுன்னு தெரியாதுங்களா? அதுலயும் காலி பாட்டில் எதுக்கு?"

சசிரேகா போனில் ஒரு விளையாட்டைக் காட்டினாள். "இதுக்குத்தானுங்க. காலி பாட்டிலைத் தனியாப் பிரிச்சு, மறுசுழற்சித் தொட்டியில போட்டு போட்டோ அனுப்பினா, பாட்டிலுக்கு ஒரு மரம் இதுல வளரும். முதல்ல வர்றவங்க தெருவுக்கு சோலார் லைட்டு தர்றாங்க. எங்க எஸ்டேட் லைன் வீட்டுத் தெருவுல இருட்டினாப் போதும், காட்டெருமை வந்து நிக்குதுங்க. பாட்டிலே வரக்கூடாதுங்கிற ஊர்ல பாட்டிலுக்கு எங்கீங்க போறது? அதான் கீழே போய்ப் பொறுக்கினேன். இப்ப ரெண்டாவது இடம். மலைராணின்னு ஒரு மகராசி முந்திக்கிட்டே இருக்குது. அதுக்கு மட்டும் எங்கிருந்துதான் கிடைக்குதோ!"

சோதனைக்காரி போனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"சட்டம்னா சட்டந்தானுங்க" என்று மூட்டையோடு இறங்கிவிட்டாள்.

முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது சசிரேகாவின் போன் சிணுங்கியது. மலைராணி புதுப் போட்டோ போட்டிருந்தாள்.

தொட்டி நிறையக் காலி பாட்டில். பக்கத்தில் கிடந்தது, அந்த மஞ்சள் போர்வை.