இடது முழங்கை

குப்புறப் படுத்திருந்தவருக்கு, முகம் வைக்கும் வளையத்தின் வழியே மசாஜ் பெண்ணின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. வயசுப் பெண்ணின் பாதங்கள். இவளும் அவள் இல்லை என்று அவருக்கு மனசு சோர்ந்துபோனது.

"மூலிகை மூட்டை சூடு தாங்குதா சார்? இல்லன்னா சொல்லுங்க, கொஞ்சம் ஆற வெச்சு வெக்கறேன்."

"தாங்குதும்மா" என்றார். மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து அவர் தாங்காதது என்று எதுவும் பாக்கியில்லை.

அவருக்குத் தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. ஆர்டர் கிடைக்கிறதோ இல்லையோ, போன ஊரில் மூலிகை மசாஜ் நிலையம் எங்கே என்று முதல் காரியமாக விசாரித்துவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் 'எண்ணெய்ச் சட்டி' என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். மனைவிக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான், இதைவிட்டால் அவள் எங்கே போய்ப் பிழைப்பாள் என்று அவர்களிடம் விளக்கிக்கொண்டா இருக்க முடியும்?

ஆரம்பத்தில் அவள் போட்டோவைக் காட்டிக் கேட்டுப் பார்த்தார். புருஷன் போட்டோவோடு வந்தால் இந்தப் பெண்களெல்லாம் ஏனோ வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள். அதனால் இப்போது காசு கட்டிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார்.

தேடித் தேடி அலுத்துவிட்டது. வீட்டில் அவள் சீப்பு வைத்த இடத்தில் அப்படியே கிடக்கிறது. இன்னமும் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளரை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிறார். இனி அவள் வரமாட்டாள் என்று மனசு பாதி கைகழுவிவிட்டது.

அப்போதுதான் முதுகில் அது உறைத்தது.

வலது கையால் மூட்டையை ஒற்றி எடுத்த பெண், அந்த இடத்தை உடனே இடது முழங்கையால் உருட்டி அழுத்தினாள். தோளிலும் அப்படியே, இடுப்பிலும் அப்படியே. மறந்தும் இடது உள்ளங்கை அவர் மேல் படவில்லை.

அப்படிப் பிடித்துவிடுகிறவள் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான். கதவிடுக்கில் மாட்டி நசுங்கிய இடது கை விரல்கள் அதற்கப்புறம் மடங்காமலே போனதால் அவர் மனைவி பழகிக்கொண்ட வழி அது. அப்படியும் ஒருநாள்கூட அவர் முதுகைப் பிடித்துவிடாமல் அவள் தூங்கியதில்லை.

விருட்டென்று தலையைத் தூக்கினார். பெண் வாளியில் துண்டை முக்கி, இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். பத்து விரலும் பழுதில்லாமல் இருந்தன.

"ஏம்மா, உன் இடது கை நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு முழங்கையால அழுத்தறே?"

பெண்ணின் கைகள் அப்படியே நின்றன. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்களுக்குக் கத்துக்கொடுத்த அக்கா அப்படித்தான் சார் செய்வாங்க. அவங்க விரல் மடங்காதுன்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. அதுதான் முறைபோலன்னு நெனச்சு எல்லாரும் அப்படியே பழகிட்டோம்."

அவர் விரிப்பைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மா அவ? நான் அவ புருஷன்மா. கூப்பிடும்மா, கால்ல வேணும்னாலும் விழறேன்!"

"அக்கா இப்ப இங்க இல்ல சார். போன மாசமே வேற ஊருக்குப் போயிட்டாங்க. எங்கன்னு எங்ககிட்டகூட சொல்லல."

கைக்கு எட்டியது வாய்க்குள் போகாமல் கீழே விழுந்தமாதிரி இருந்தது. "எதுவுமே சொல்லாமயா போனா?"

"ஒண்ணு சொன்னாங்க. இத்தனை கஸ்டமர் வந்தும் முழங்கையைப் பத்தி யாரும் கேட்டதில்ல. 'என் கையைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர்தான் என்னிக்காவது வந்து கேப்பார்'னாங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. ஆக, அவள் மறக்கவில்லை. அவர் வருவார் என்று தெரிந்து, அவருக்காகவே ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாம இருக்குமா? அந்த விரலுக்கு விடிய விடிய ஒத்தடம் கொடுத்தவனே நான்தாம்மா. பாழாப்போன கதவு!"

பெண் அவரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, அறைக் கதவை அகலத் திறந்தாள். அது மூடிக்கொள்ளாதபடி அதன்மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அந்தக் கதவை அறைஞ்சு சாத்தினதே நீங்கதானே சார்?"