பால்கனியில் விழுந்த கிளைடர்

அழைப்பு மணி அடித்தது. மனைவி எழாதபடி அவள் தோளை அழுத்திப் பிடித்தான் கணவன். அவளுடைய அக்கா வந்தபோதும், போலீஸ் வந்தபோதும், கதவைத் திறக்காமலே "அவ ஊர்ல இல்ல" என்று சொல்லி அனுப்பியவன் அவன்.

"யாரு?"

"பக்கத்து மைதானத்துல கிளைடர் விடுறவங்க, தம்பி. உங்க பால்கனியில விழுந்துடுச்சு."

பால்கனிப் பூட்டைத் திறந்து பார்த்தான். துணிக்கொடிக்குக் கீழே பால்சா மரத்தில் செய்த பொம்மை விமானம் ஒன்று கிடந்தது.

"மேலேருந்து போடுறேன். பொறுக்கிக்குங்க."

"வேணாம் தம்பி, தக்கை மாதிரி கட்டை. சுக்குநூறாயிடும். கையில குடுத்துடுங்க, போயிடறேன்."

கதவுத் துளை வழியே பார்த்தான். தொப்பி போட்ட நடுத்தர வயதுப் பெண். விரலெல்லாம் காய்ந்த பசை.

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான்" என்று மனைவியிடம் பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தான்.

வந்தவள் கிளைடரை வாங்கி இறக்கையைத் தடவினாள். "இதுக்கு ரிமோட்டெல்லாம் கிடையாது. கையை விட்டா அது வச்சதுதான் சட்டம்."

"சரி, கிளம்புங்க."

அவள் கிளம்பவில்லை. கதவைச் சாத்த முடியாதபடி உள்ளே ஓர் அடி வைத்து நின்றாள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் முகம் வெளுத்தது.

போலீசுக்கு முன்னால் ஓடி வந்த அக்கா, தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"நானும் உங்க அக்காவும் ஒரே ஆபீஸ்மா" என்றாள் வந்தவள். "காலையிலேருந்து இந்தப் பால்கனியைப் பார்த்துதான் விடுறோம். மத்த எல்லாத்தையும் காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சு. இதுதான் கடைசி."